மசக்கையும் மணிக்கட்டில் ஓர் ஊசியும்

கர்ப்பகாலத்துக் குமட்டலுக்கென்று நாம் அன்றாடம் புழங்கும் தனிச்சொல் ஏதுமில்லை. மசக்கை என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் வாந்தியும் அடங்கும், மயக்கமும் அடங்கும், மாங்காய்க்கும் புளிக்கும் ஏங்கும் ஏக்கமும் அடங்கும். சங்கப் புலவர்கள் வயா என்றார்கள். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் விரும்பி உண்பார்களேயன்றிப் பகைவர் உண்ணமாட்டார்கள் என்கிறார் (புறநானூறு 20). கச்சிப்பேட்டு நன்னாகையாருக்கு, நீர் சுமந்து மலையேறத் திணறும் மேகங்கள் புளிப்புக்கு ஏங்கும் நிறைசூல் மகளிராகத் தெரிகின்றன (குறுந்தொகை 287). இரண்டும் அழகிய பாடல்கள். இரண்டிலும் வேட்கை இருக்கிறது, குமட்டல் இல்லை.

திரைப்படங்கள் குமட்டலைக் காட்டின. ஆனால் அதை ஒரு செய்தியாக மட்டுமே காட்டின. நாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவாள். வீட்டில் மூத்தவள் நாடி பிடித்துப் பார்த்துச் சிரிப்பாள். அடுத்த காட்சி வளைகாப்பு. ஓடிய பெண் அடுத்த பத்து வாரங்களை எப்படிக் கழித்தாள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. வீடுகளிலும் ஏறத்தாழ அப்படித்தான். கருவுற்ற பெண்களில் 100க்கு 70 பேருக்கு மேல் குமட்டலுக்கு ஆளாகிறார்கள். ஆறாம் வாரத்தையொட்டித் தொடங்கி, ஒன்பதாம் வாரம்வாக்கில் உச்சமடைந்து, பெரும்பாலோருக்கு நான்காம் மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. எல்லோருக்கும் வருவது, தானே போய்விடுவது என்பதாலேயே அது ஒரு துன்பமாகக் கணக்கில் வருவதில்லை.

இதை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். வாந்தி எடுத்தவள் எங்களில் ஒருத்தி. பாத்திரம் ஏந்தி நின்றவன் மற்றவன். இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவோம். என்றாலும் அந்த வாரங்களில் எடுத்த முடிவுகள் அனைத்தும் இருவரும் கூடி எடுத்தவை என்பதால், ‘நாங்கள்’ என்று சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். திருவரங்கத்தில் குடியிருந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு, எட்டாம் வாரத்தில் ஒரு கரு கலைந்திருந்தது. அந்தக் கர்ப்பத்தில் குமட்டலே இல்லை. ஆகையால் இம்முறை ஆறாம் வாரத்தில் முதல் வாந்தி வந்தபோது வீடே மகிழ்ந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, “நல்லாத் தங்கியிருக்கு, அதான் இப்படிப் பாடாப்படுத்துது” என்றார். நாங்களும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி நான்கு நாள் நீடித்தது.

பிறகு சாதம் கொதிக்கும் வாடை ஆகாமல் போயிற்று. கடுகு தாளிக்கும் வாடை, பெருங்காயம், காப்பி, குழாய்த் தண்ணீர், துவைத்த துணி, கடைசியில் கணவன் குளித்துவிட்டு வரும் சோப்பின் வாடையும். பொரியும் உப்பில் ஊறிய நார்த்தங்காயும் மட்டும் சில மணிநேரம் வயிற்றில் தங்கின. பின் அவையும் தங்கவில்லை. ஒரு நாளில் பதினொரு முறை வாந்தி. எட்டாம் வாரத்தில் எடை 52 கிலோவிலிருந்து 49 ஆகியிருந்தது. சிறுநீர் அடர்ந்த தேநீர் நிறத்தில் போயிற்று. பார்க்க வந்தவர்கள் அப்போதும் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். “மசக்கைதானே கண்ணு, பொம்பளப் புள்ளையா இருந்தா அப்படித்தான்.”

சார்லட் பிராண்டியை அந்நாட்களில் நினைத்துக்கொண்டோம். 1854 ஜூனில் மணம் முடித்து, 1855 மார்ச் 31 அன்று, 38 வயதில், கருவுற்ற நிலையில் இறந்துபோனார். இறப்புச் சான்றிதழில் காசநோய் என்றிருந்தது. ஆனால் எலிசபெத் காஸ்கெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் விடாத குமட்டலைப் பற்றியும் உணவை ஏற்காத உடலைப் பற்றியும் படிக்கும் பலர், கர்ப்பகாலக் கடும் வாந்தியே அவரைக் கொன்றிருக்கலாம் என்று கருதுகிறார்கள். ‘ஜேன் அய்ர்’ எழுதிய கைக்கே அந்தக் கதி என்றால் இதில் புன்னகைக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. எடையில் 100க்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால் அது மசக்கை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்பதே பொதுவான மருத்துவ அளவுகோல். அந்த எல்லையைத் தாண்டியிருந்தோம். மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு நாள் சலைன் ஏற்றி, சிறுநீரில் கீட்டோன் மறைந்த பிறகு வீடு திரும்பினோம். கையில் டாக்சிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரைச் சீட்டு இருந்தது.

மாத்திரையைக் கண்டு அஞ்சியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடமைட் என்ற தூக்கமருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் அதை உட்கொண்டார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால்கள் குறுகியும் வேறு குறைகளோடும் பிறந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பிரான்சஸ் கெல்சி என்ற பெண்மணி, தரப்பட்ட ஆதாரங்கள் போதாதென்று அனுமதியை மறுத்துக்கொண்டே இருந்ததால் அந்நாடு பெருமளவு தப்பியது. அந்த அச்சத்தின் நிழல் நல்ல மருந்தின் மீதும் விழுந்தது. டாக்சிலமின் - பி6 கூட்டு, வழக்குகளுக்கு அஞ்சி 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதன் தயாரிப்பாளரால் விலக்கிக்கொள்ளப்பட்டது. குழந்தைக்கு அது ஊறு செய்யவில்லை என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியபின், 2013இல் வேறு பெயரில் திரும்பி வந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்கள் அந்த மருந்து இல்லாமலே வாந்தி எடுத்தார்கள். இதையெல்லாம் படித்துத் தெளிந்த பிறகு மாத்திரையை விழுங்கினோம். பதினொன்று ஆறாகக் குறைந்தது. பகலெல்லாம் தூக்கம் வந்தது.

அந்த ஆறிலிருந்து கீழே இறங்க வழி தேடும்போதுதான் அக்குபங்சர் பேச்சுக்கு வந்தது.

இன்று தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்றால் இருவேறு பொருள் உண்டு. முதலில் நாங்கள் போனது ஊசியே இல்லாத வகை. நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு, கழிவுகள் வெளியேறுகின்றன, வாந்தியும் அதில் ஒன்று என்றார் அங்கிருந்த ஹீலர். அதுவரை எங்களுக்கு மனவருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்துங்கள், ஸ்கேன் எடுக்காதீர்கள் என்று தொடர்ந்தார். ஃபோலிக் அமிலம் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கிறது என்பது 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்விலேயே ஐயமற உறுதியான செய்தி. 2018 ஜூலையில் திருப்பூரில், இயற்கை முறை என்று நம்பி வீட்டிலேயே பிரசவித்த ஒரு பெண் உதிரப்போக்கால் இறந்ததை நாளிதழ்களில் படித்தவர்கள் நாங்கள். வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவதாகப் போனது தில்லைநகர்ப் பக்கம், மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஒரு சிறு மருத்துவ அறை. அந்த அம்மையார் எம்.பி.பி.எஸ். படித்தவர், அக்குபங்சரைக் கொல்கத்தாவில் பயின்றவர். கொல்கத்தாவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு ஒரு நாவலுக்குரியது. 1938இல், ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கியிருந்த சீனத்துக்குக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் 1942இல் அங்கேயே இறந்தார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. உடன் சென்ற விஜயகுமார் பாசுவின் பெயர் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. அவர் 1958இல் மறுபடி சீனம் சென்று அக்குபங்சர் கற்று, 1959இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் அதுவே.

அந்த மருத்துவர் முதலில் கேட்டது எடை. அடுத்து சிறுநீரின் நிறம். பிறகு, மாத்திரையை நிறுத்திவிடவில்லையே என்று கேட்டார். “ஒரு நாள் முழுக்கத் தண்ணி தங்கலைன்னா இங்க வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். அதன்பின் கேட்ட கேள்விகளை அதுவரை எவரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை. எந்த வாடை முதலில் ஆகாமல் போயிற்று, எந்த மணிக்கு அதிகம், வாயில் ஊறுவது கசப்பா புளிப்பா, படுத்தால் குறைகிறதா. நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசி அதற்கப்புறம்தான்.

அந்த இடம் முன்கையின் உட்புறத்தில் இருக்கிறது. மணிக்கட்டின் மடிப்புரேகையிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் தள்ளி, நடுவில் புடைத்துத் தெரியும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே. விரலளவு நோயாளியின் விரலளவாக இருக்கவேண்டும், மருத்துவருடையது அன்று. சீனர் அதை நெய்குவான், உள்வாசல் என்கிறார்கள். உலக வழக்கில் பி6. தலைமுடியைவிடச் சற்றே தடித்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி. உள்ளே போகையில் எறும்புக்கடி அளவு வலி, பின்பு மரத்துப்போனாற்போல் ஒரு கனம் விரல்களை நோக்கிப் பரவும். அந்தக் கனம் வந்தால்தான் ஊசி இடம் சேர்ந்தது என்பது அவர்களுடைய இலக்கணம். இரு கைகளிலும் ஒவ்வொன்று, காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்று, இருபத்தைந்து நிமிடம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஓர் இடத்தையும், கணுக்காலுக்கு மேலே ஓர் இடத்தையும் கர்ப்பிணிகளுக்குத் தொடக்கூடாது என்பது பழைய விதி. அவற்றைத் தாம் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டே தொடங்கினார். வாரம் இருமுறை வரச்சொன்னார். இடைப்பட்ட நாட்களுக்கு அந்தப் புள்ளியை அழுத்தும் பட்டை ஒன்றைக் காட்டினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பழைய பாவாடை எலாஸ்டிக்கில் சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்து இரண்டு செய்துகொடுத்தார்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்டு, ஆனால் அது நாம் விரும்பும் வடிவில் இல்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் மயக்கமருந்துப் பேராசிரியராக இருந்த ஜான் டண்டீ, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாந்தியில் இந்தப் புள்ளியைச் சோதித்தவர், 1988இல் அதன்மீதான அழுத்தம் கர்ப்பிணிகளின் குமட்டலைக் குறைப்பதாக எழுதினார். 1997இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அறுவைக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பின் வரும் வாந்திக்கு இது பயன்படுகிறது, கர்ப்பகாலக் குமட்டலுக்கும் பயன்படக்கூடும் என்றது. 2015இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு கையை விரித்தது. பி6 ஊசியால் கர்ப்பிணிகளுக்குக் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்றது. 2023இல் சீனத்தில் 352 பெண்களிடம் நடத்திய ஆய்வு, போலி ஊசியைவிட உண்மை ஊசி சற்றே கூடுதலாகக் குறைத்தது என்றது. அந்த வேறுபாடு சிறியது.

எங்களை மிகவும் சிந்திக்கவைத்தது, 2002இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு. அடிலெய்டில் கரோலின் ஸ்மித் குழுவினர் 593 பெண்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அவரவர் உடல்நிலைக்கேற்ற மரபுவழி ஊசி, ஒரு பிரிவினருக்கு பி6 மட்டும், ஒரு பிரிவினருக்குப் புள்ளி அல்லாத இடத்தில் போலி ஊசி, நான்காம் பிரிவினருக்கு ஊசி இல்லை. மரபுவழி ஊசி பெற்றவர்களுக்கு முதல் வாரத்திலேயே குமட்டல் குறைந்தது. பி6 பெற்றவர்களுக்கு இரண்டாம் வாரத்தில். வேடிக்கை என்னவென்றால், மூன்றாம் வாரத்தில் போலி ஊசி பெற்றவர்களும் ஒன்றும் பெறாதவர்களைவிடத் தேறியிருந்தார்கள். வாந்தியின் எண்ணிக்கை மட்டும் எந்தப் பிரிவிலும் வேறுபடவில்லை.

ஐயமுறுபவர்கள் இதைக் காட்டி, எல்லாம் மனப்பிரமை என்பார்கள். நாங்கள் இதை வேறுமாதிரி வாசிக்கிறோம். ஊசி தவறான இடத்தில் போடப்பட்ட பெண்களுக்கும் சரியான ஒன்று கிடைத்திருக்கிறது. வாரந்தோறும் ஒருவர் அவர்களைப் படுக்கவைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டார். புன்னகைக்கவில்லை. குமட்டலை ஒரு நற்செய்தியாக அல்லாமல் ஒரு துன்பமாக ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை அளக்கும் தராசு இல்லாவிட்டாலும், அது ஒன்றுமில்லாததன்று.

மூன்றாவது அமர்வுக்கு அடுத்த நாள், பத்தாம் வாரத்தில், விடியலில் குமட்டல் இல்லை. பல் துலக்க முடிந்தது. அரை இட்லி உள்ளே போயிற்று, தங்கியது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கும் வாடை வந்தது. அது வெறும் வெங்காய வாடையாக இருந்தது. எட்டு மணிவரை நாங்கள் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. எட்டு மணிக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, இருவரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. முந்தைய கர்ப்பத்தில் குமட்டல் இல்லை.

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. குமட்டல் நல்ல அடையாளம் என்று சொல்லிச்சொல்லி, அது நீங்குவதைக் கெட்ட அடையாளமாக்கி வைத்திருக்கிறோம். வாந்தி எடுப்பவள் அது நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடிவதில்லை. அந்த நம்பிக்கையில் உண்மை இல்லாமலில்லை. ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ கருவை இழந்த பெண்களிடம் நடத்தி 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குமட்டல் இருந்தவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு 50 முதல் 75 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. ஆனால் குமட்டல் இல்லாமலே நல்லபடி பெற்றவர்கள் ஏராளம். அடையாளம் என்பது காவல் அன்று. அந்த அரை இட்லியை உண்ட காலையில் இந்தத் தர்க்கம் எங்களுக்கு உதவவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிறப்புக்கு முன் பாலினம் அறிவது குற்றம் என்ற அறிவிப்புப் பலகையின் கீழே இரண்டு மணிநேரம் காத்திருந்தோம். ஸ்கேன் அறையில் மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். நிமிடத்துக்கு 168 என்றார். அந்தத் துடிப்பைக் கேட்டபின், வெளியே வந்து, ஒரு முழு இளநீரைக் குடித்தோம். அதுவும் தங்கியது.

ஊசியால்தான் குறைந்ததா? ஒன்பதாம் வாரத்துக்குப் பின் தானாகவே இறங்கத்தொடங்கும் காலம் அது. மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு கர்ப்பத்தை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. பதினான்காம் வாரம்வரை ஊசி போட்டுக்கொண்டோம். வாந்தி முற்றிலும் நிற்கவில்லை; நாளைக்கு ஒன்று, இரண்டு என்று இருந்தது. அந்த அறையில் இருந்த இருபத்தைந்து நிமிடங்கள் மட்டும் ஒருமுறையும் வாந்தி வந்ததில்லை. ஆனி மாதத்தில் மகள் பிறந்தாள்.

2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கட்டுரை இந்தக் கதையின் விடுபட்ட பக்கத்தை எங்களுக்குக் கொடுத்தது. எழுதியவர்களில் ஒருவர் மார்லினா ஃபெஜோ. 1999இல் கடும் வாந்தியால் தம் குழந்தையை வயிற்றிலேயே இழந்தவர். அவருடைய மருத்துவர் அத்துன்பத்தைப் பொருட்படுத்தவில்லை. அதன்பின் இதன் காரணத்தைத் தேடுவதையே தம் பணியாக்கிக்கொண்டார். கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் ஓராஹிலி முதலியோருடன் சேர்ந்து அவர் காட்டியது இது: கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைத் தாயின் குருதிக்குள் அனுப்புகின்றன, அது பின்மூளையைத் தூண்டிக் குமட்டலை உண்டாக்குகிறது. கருவுறுமுன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்குப் பழக்கமின்மையால் தாக்கம் கடுமையாகிறது. தலசீமியா நோயால் ஆண்டுக்கணக்கில் அது மிகுந்திருக்கும் பெண்களுக்கோ குமட்டல் அரிதாகவே வருகிறது. அந்தப் பெண்களைப் பற்றிய தரவு இலங்கையிலிருந்து சென்றது.

ஆக, குமட்டல் என்பது தாயின் மூளை கேட்கும் ஓசை. ஓசையைக் குறைப்பதால், அனுப்பியவருக்கு ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. நஞ்சுக்கொடி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாத்திரையோ ஊசியோ எலாஸ்டிக்கில் தைத்த பொத்தானோ அதைத் தடுப்பதில்லை. ‘வாந்தி நின்றால் கரு என்னாகும்’ என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதிலை நாங்கள் கண்டதில்லை. பத்தாம் வாரத்துக் காலையில் இது எங்கள் கையில் இருந்திருக்கலாம்.

பயிற்சி பெற்றவர் கையில், புதிய ஊசியில், மருத்துவரின் மேற்பார்வையை விடாமல் அக்குபங்சர் செய்துகொள்வதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதே எங்கள் எண்ணம். அது சிறிது உதவும்; சிலருக்குக் கூடுதலாக உதவும். சலைனுக்கு அது மாற்றன்று. ஃபோலிக் அமிலத்தை நிறுத்தச் சொல்பவரிடம் போகவே வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு பெண் மசக்கையாக இருந்தால், என்ன சாப்பிட ஆசை என்று கேட்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம்தான், புறநானூற்றுக் காலத்திலிருந்து வருவது. அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். நேற்று எவ்வளவு தண்ணீர் தங்கியது என்று கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.